எதிர்காத்தும் மூடுபனியும் ஒரு மூட்டை உருளைக்கிழங்கும்

சாந்தன்பாறையில் ரிஜினின் வீட்டு வாசலில் யானை வந்து நின்ற செய்தி காலையிலேயே குழுவுக்கு வந்துவிட்டது. "சாம்பல் கலரு. மெதுவா நகருது. வழிவிட மாட்டேங்குது" என்று ரிஜின் எழுதியிருந்தான். அது எந்த வருடத்தது, எஞ்சின் எத்தனை, எந்தப் படத்தில் வருகிறது என்று குழுவினர் கேட்கத் தொடங்கினார்கள். பிறகுதான் அவன் புகைப்படம் அனுப்பினான். அதற்குத் தும்பிக்கை இருந்தது.

குழுவின் பெயர் வானக்கப்பல் வட்டம். உலகப் போர்க் காலத்தில் வயிறு முழுக்க வாயுவை நிரப்பிக்கொண்டு, ஒரு தெரு நீளத்துக்கு, சுரைக்காய் வடிவில் மிதந்து போன கப்பல்களைப் பற்றிய சாகசப் படங்கள் என்றால் உயிரை விடுகிறவர்கள் அதில் இருக்கிறார்கள். விமானப் பைத்தியங்கள் எல்லா ஊரிலும் உண்டு. இவர்கள் அந்தப் பைத்தியத்துக்குள் ஓர் உள்ளறை. விமானம் அவசரக்காரர்களின் வண்டி என்பது இவர்கள் கட்சி. வானக்கப்பலில் எழுந்து நடக்கலாம், சூப் காய்ச்சலாம், சண்டைக்குப் போகும் வழியில் ஒரு தூக்கம் போடலாம். ஆனால் அந்தப் படங்களை இவர்கள் ரசிக்கும் விதம்தான் எனக்குப் பிடிபடவில்லை. சுக்கான் தப்பாக இருக்கிறது, அந்த வருடத்தில் அந்தத் துப்பாக்கியே கிடையாது என்று ஒவ்வொரு பிழையாகப் பிடிப்பார்கள். பிழை கிடைக்காத படம் என்றால் சோர்ந்துபோவார்கள்.

எல்லோரும் புனைபெயரில் பழகியவர்கள். அன்றைக்குத்தான் முதல்முறையாக நேரில் சந்திப்பதாக இருந்தது. ரிஜினின் ஹோம்ஸ்டேயில் சாப்பாடு, பிறகு எல்லோருக்கும் பிடித்த 'வெள்ளித் திமிங்கிலம்' படம் என்று ஏற்பாடு. யானை நகரவில்லை. ரிஜின் கடைசியில், "எல்லாரும் மூடுபனி அண்ணன் வீட்டுக்குப் போயிருங்க, சித்திரபுரம் குவார்ட்டர்ஸ்" என்று எழுதி, வழியும் அனுப்பிவிட்டான்.

கூட்டத்துக்குக் கொடுத்துவிட போண்டாவுக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றது.

மூடுபனி என் கணவர் பாண்டீஸ்வரன். அதே குழுவில் எதிர்காத்து என்ற பெயரில் இருப்பவர் என் அண்ணன் பூபதிராஜா. கொழிஞ்சாம்பாறையிலிருந்து காரில் கிளம்பி இந்நேரம் மறையூர் தாண்டியிருப்பார். இருவருக்கும் பேச்சு நின்று ஆறு வருடம் ஆகிறது.

பாண்டீஸ்வரன் அப்போது எங்கள் பக்கத்து மின்வாரிய செக்ஷனில் லைன்மேன். எங்கள் தென்னந்தோப்பு ஓரத்துக் கம்பத்தின் மேல் இருந்தபோதுதான் நான் அவரை முதலில் பார்த்தேன். கல்யாணப் பேச்சு எழுந்ததும் அண்ணன், "கம்பத்துல ஏறுறவனுக்குப் பொண்ணு குடுக்கறதுக்கில்லீங்க" என்றார். இவர் சும்மா இருந்திருக்கலாம். "ஒங்க தோப்புல தேங்கா பறிக்க ஆளே கெடைக்கலையாம்ல. அதுக்கும் ஏறத் தெரிஞ்சவன்தானே வேணும்" என்று சொல்லிவிட்டார். இரண்டுமே உண்மை. பொய்யாக இருந்தால் இருவரும் மறந்திருப்பார்கள்.

கல்யாணம் அண்ணன் இல்லாமல் நடந்தது. எங்கள் மகள் மோனிஷாவுக்கு ஐந்து வயது ஆகிவிட்டது. இன்னும் காது குத்தவில்லை. எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். வேறு மடி ஆகாதா என்று இவர் ஒருமுறை கேட்டார். ஆகாது என்றேன். வழக்கத்துக்காக அப்படிச் சொல்கிறேன் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால், அண்ணன் என் வாசல்படி ஏற எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. பிள்ளையின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

அண்ணனும் நானும் சிறு வயதில் 'வெள்ளித் திமிங்கில'த்தைத் தமிழில் பேசவைத்துத் தொலைக்காட்சியில் போட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்த்தோம். அதன் பிறகு எங்கள் தண்ணீர்த் தொட்டியின் மேல்தளம் கப்பலானது. அண்ணன் கேப்டன். கீழே எதிரி நாடு. கல்யாணமான முதல் மழைக்காலத்தில் பாண்டீஸ்வரன் அதே படத்தைப் போட்டு, அண்ணன் கத்தும் அதே இடத்தில், "டேய், இந்தப் பனியில எறக்காதடா" என்று கத்தினார். வேறு வீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்துக் கிளம்பியவள், எங்கே வந்து சேர்ந்திருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அதனால் எட்டு மாதத்துக்கு முன் இந்தக் குழுவின் இணைப்பை அண்ணன் மனைவி தமிழ்ப்ரியாவுக்கு அனுப்பினேன். அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவோம். அவர் அதை யாரோ அனுப்பியதுபோல அண்ணனிடம் காட்டினார். அண்ணன் அதில் விழுந்துவிட்டார்.

ஒரு மாதத்துக்குள் எதிர்காத்தும் மூடுபனியும் இணைபிரியாதவர்கள் ஆனார்கள். ஆனி மாதக் காற்றை எதிர்த்து ஒரு வானக்கப்பல் பாலக்காட்டுக் கணவாயைக் கடக்குமா என்ற வாதம் மட்டும் மழைக்காலம் முழுக்க ஓடியது. காற்றைப் பற்றி எதிர்காத்து சொல்வதே முடிவு. பனியைப் பற்றி மூடுபனி சொல்வதே முடிவு. "அந்த மனுசன் எங்கேயோ இருக்க வேண்டியவரு செல்வி" என்று இவர் என்னிடமே புகழ்வார். நான் திரும்பி நின்று பாத்திரம் துலக்குவேன்.

எனக்கும் அந்தக் குழுவில் ஒரு பெயர் இருந்தது. படத்தில் வாயு கசிந்து கப்பல் மலைமேல் மோதப்போகும்போது, எடையைக் குறைக்க ஒவ்வொன்றாக வெளியே எறிவார்கள். முதலில் போவது சமையற்காரனின் உருளைக்கிழங்கு மூட்டை. கேப்டனின் நாற்காலி கடைசியில்தான் போகும். எது முதலில் வெளியே போகிறது என்று பார்ப்பது என் சுபாவம். உருளைக்கிழங்கு என்ற பெயரில் சேர்ந்தேன். ஒரு வார்த்தை எழுதியதில்லை. ஹைட்ரஜன் நிரம்பிய கப்பலில் பொறி பறந்துவிடாமல் நடக்கிறவள்போல, இரண்டு வீட்டுக்கும் நடுவில் சத்தமில்லாமல் இருந்தேன். என் திட்டம், சாந்தன்பாறையில் முகம் தெரியாதவர்களாகவே இருவரும் கைகுலுக்கி, கட்டிப்பிடித்து, போண்டாவும் தின்ற பிறகு பெயர் தெரிய வேண்டும் என்பது. தின்ற போண்டாவைத் திருப்பித் தர முடியாதே.

இப்போது அண்ணன் கையில் என் வீட்டுக்கு வழி இருந்தது. நங்கையை அழைத்தேன்.

"எங்க இருக்கறீங்க நங்கை?"

"தலையாறு தாண்டியாச்சு கண்ணு."

"வழி அனுப்புனதைப் பாத்தாரா?"

"பாத்துப்போட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணுஞ் சொல்லுல. கண்ணாடிய வளைச்சுத் தலை சீவுனாரு."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே போனால், பாண்டீஸ்வரன் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"சினிமாப் பாக்க எதுக்குங்க அந்தச் சட்டை?"

"ஆளுக வர்றாங்கல்ல. போண்டா கருகுது, போ."

முதலில் வந்தவர் தேவிகுளம் தாலூக் ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் ஆனந்தகுமார். அவரும் குழுவில் ஒருவர். அவர் உட்கார்ந்து இரண்டாவது போண்டாவை எடுத்தபோது வாசலில் கார் நின்றது. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஆறு வருடத்தில் அண்ணனுக்குக் கொஞ்சம் தொப்பை விழுந்திருந்தது. அவர் வாசலுக்கு வந்து, இவரைப் பார்க்காமல், நிலைப்படியைப் பார்த்துக் கேட்டார்:

"வானக்கப்பல் கூட்டம் இங்கதானுங்களா?"

இவர் தெருவிளக்கைப் பார்த்துச் சொன்னார்: "இங்கதான். செருப்பக் கழட்டிட்டு வரச் சொல்லுங்க. ஹைட்ரஜன்."

படத்தில் கப்பலுக்குள் ஆணி அடித்த பூட்ஸ் போடக்கூடாது. அண்ணன் செருப்பைக் கழற்றினார். மிகவும் மெதுவாக, ஒவ்வொன்றாக. என் வாசல்படியை ஏறினார்.

மற்றவர்களுக்குக் காத்திராமல் படம் ஓடியது. இருவரும் அறையின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் ஒரே பிழையைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை. நடுவில் இருந்த ஆனந்தகுமாரிடம் சொன்னார்கள்.

"ஆனந்துங்க, அவருகிட்டச் சொல்லுங்க, இந்தக் காத்துக்கு வாலு இந்தப் பக்கம் திரும்போணும்."

"ஆனந்து, சொல்றவருக்குச் சொல்லு, காத்து சரிதான், பனிதான் தப்பு."

ஆனந்தகுமார் பொறுத்துப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் சொந்தக்காரங்களா?"

"இல்லீங்க" என்றார் அண்ணன்.

"இல்ல" என்றார் இவர்.

"அப்பச் சரி. சொந்தமோன்னு நெனச்சேன். இப்படி இருக்கீங்களே."

எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே வந்து, "அண்ணா, உனக்கு இது யாரு வீடுன்னு எப்பத் தெரியும்?" என்றேன்.

அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆடியிலயே தெரியும். பனின்னு ஒரு போட்டோ போட்டாங்க. ஓரத்துல ஒரு சொம்பு இருந்துச்சு. நாந்தான் தொட்டி மேல இருந்து எதிரி நாட்டு மேல போட்டேன். அந்த நசுங்கலு எனக்குத் தெரியாதா அம்மிணி?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் போண்டாவைப் பார்த்தார். "எனக்கு அதுக்கும் முந்தியே. காத்துல தென்னை சாயுதுன்னு அவுக ஒரு படம் போட்டாக. பின்னாடி கம்பம். அது நான் ஏறுன கம்பம்."

விமானத்தின் வால் நுனியை மட்டும் பார்த்து அது எந்த வருடத்தது என்று சொல்கிறவர்கள். இவர்களிடம்தான் நான் ஒரு வீட்டையே ஒளித்துவைத்திருந்தேன்.

"தெரிஞ்சுட்டே ரெண்டு பேரும் சும்மா இருந்தீங்களா?"

"மொதல்ல யாரு பேசுறதாம்?" என்றார் இவர். அண்ணன் தலையை ஆட்டி ஆமோதித்தார். ஆறு வருடத்தில் இவர்கள் நேரடியாக ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அது.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது கோபம், அதற்கும் அடியில் பொறாமை. என்னை விட்டுவிட்டு இருவர் சண்டை போட்டதைத் தாங்கியிருந்தேன். என்னை விட்டுவிட்டுச் சேர்ந்துகொண்டதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அடுக்களைக்குப் போய் எண்ணெயில் மாவைக் கொஞ்சம் பலமாகவே போட்டேன். நங்கை பக்கத்தில் வந்து நின்றார். "எங்கிட்டயும் சொல்லுல கண்ணு. அந்தப் படத்துல பொம்பளையே கெடையாது பாத்தியா" என்றார்.

கூடத்தில் சத்தம் அடங்கியிருந்தது. எட்டிப் பார்த்தேன். கப்பல் மலையை நெருங்கிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்த மோனிஷா, பையை மாட்டியபடியே அறையைச் சுற்றிப் பார்த்தாள். திரை நன்றாகத் தெரிகிற இடத்தில் ஒரு மடி காலியாக இருந்தது. போய் ஏறி உட்கார்ந்தாள்.

அண்ணன் அசையவில்லை. பிறகு இடது கையால் அவளைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கைபேசியை எடுத்தார். அறையில் இரண்டு கைபேசிகள் அடுத்தடுத்து அதிர்ந்தன. அடுக்களைத் திட்டில் இருந்த என்னுடையதும்.

"அடுத்த கூட்டத்தைத் தை மாசம் பழனியில வெச்சுக்கலாமுங்களா?" என்று எதிர்காத்து எழுதியிருந்தது.

மூடுபனி அறையின் அந்த ஓரத்தில் தட்டச்சு செய்துகொண்டே இருந்தது. அழித்தது. மறுபடி தொடங்கியது. "வச்சுக்கலாம். காத்து எப்படி இருக்கும்?"

"சாதகந்தான். தோடு போன மாசமே வாங்கியாச்சுங்க."

திரையில் சமையற்காரன் மூட்டையைத் தூக்கி விளிம்புக்கு வந்தான். "எதுக்கு மாமா அதை எறியறாங்க?" என்று மோனிஷா கேட்டாள். அண்ணன் குழுவில் இன்னொன்று எழுதினார். என் கைபேசி மறுபடி அதிர்ந்தது.

"உருளைக்கிழங்கும் கட்டாயம் வரோணும். எட்டு மாசமாப் பேசாமயே இருக்குது. கோவமாட்ட இருக்குது."

நான் தலையை எடுத்தபோது, அறையின் இரண்டு ஓரத்திலிருந்தும் இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கை முழுக்க மாவு. துடைத்துக்கொள்ளாமலே ஒரு விரலால் அந்தக் குழுவில் முதல்முதலாக எழுதினேன்.

"போண்டா போதுமா, இன்னும் போடட்டுமா?"

"போடு" என்று இரண்டு பேரும் வாயாலேயே சொன்னார்கள்.