கொக்கி இல்லாத ரத்தம்

நல்லக்கண்ணு ஆளையும் நம்பமாட்டார், தண்ணீரையும் நம்பமாட்டார். சின்ன வயதில் அச்சன்புதூர் மாமா வீட்டில் ஒரு மாதம் தங்கி மாடு மேய்த்துவிட்டு ஊர் திரும்பியபோது, தம்பி நயினாரைக் குற்றாலத்து அருவி அடித்துக்கொண்டு போய்விட்டது என்றாள் அக்கா ஆவுடைத்தாய். அன்றிலிருந்து ஐம்பது வருடமாக அருவிப் பக்கம் அவர் தலைகாட்டியதில்லை. அவர் நம்பிய ஒரே பிறவி அந்த அக்காதான். நம்பித்தான் அவளுடைய மூத்த மகளைத் தன் மூத்தவனுக்குக் கட்டினார். இளையவனுக்கு அவளுடைய இளைய மகள். ஆவணியில் நாள் குறித்தாயிற்று.

எண்பத்து நாலாம் வருடம் ஆனியில், மூத்தவனின் மகள், பேத்தி மாரித்தாய்க்குக் காது குத்தினார்கள். மூன்று நாளாகியும் ரத்தம் நிற்கவில்லை. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, யார் யாருடைய ரத்தத்தையோ ஏற்றித்தான் பிள்ளையை மீட்டார்கள்.

நல்லக்கண்ணுவும் அக்காவும் கொண்டுபோன மதுரை ஆஸ்பத்திரிக் காகிதத்தைத் தென்காசி டாக்டர் கிதிர் முகம்மது படித்தார்.

"ரத்தத்துல தட்டணுன்னு பொடிப்பொடியா இருக்கு, அண்ணாச்சி. காயம் பட்டா அதுகளுக்கு உள்ள சேதி போவும். உடனே மேல உள்ள கொக்கி நிமிந்து, ஒண்ணையொண்ணு பிடிச்சு ஓட்டைய அடைக்கும். பிள்ளைக்குத் தட்டணு வேணுங்கிற அளவு இருக்கு, சேதியும் போவுது. கொக்கிதான் இல்ல."

"அத யாரு களவாண்டா?"

"பெறவியிலயே இல்ல. தாய் தகப்பன் ரெண்டு பேரும் குறையைக் குடுத்தாதான் இது வரும். சொந்தத்துல கட்டுனா அப்படி அமையும். உங்க வீட்டுல ரத்தம் நிக்காம யாரும் செத்திருக்காங்களா?"

"ஒருத்தரும் இல்ல."

பக்கத்தில் அக்கா முந்தானையை முறுக்கினாள். "நயினாரு அருவியில போவல தம்பி. பல்லு பிடுங்குனாவ. மூணு நாளா வாயில ரத்தம். வெளிய தெரிஞ்சா என்னைய எவன் கட்டுவான்னு ஆத்தா சத்தியம் வாங்கிட்டா."

நல்லக்கண்ணு கேட்டார், "காது குத்துதப்ப பக்கத்துலதான நின்ன?"

"ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்."

"ஆவணிக்கும் அப்படித்தான் நெனச்சியோ?"

"பத்திரிகை அடிச்சாச்சு தம்பி. இப்ப நிறுத்துனா எம் மவள எவன் எடுப்பான்?"

"ஆத்தா பேசுன அதே பேச்சு. கல்யாணம் கெடையாது."

டாக்டர் பக்கம் திரும்பினார்.

"எழுதுங்க. நயினார். வயசு ஏழு. பல்லு பிடுங்கி, ரத்தம் நிக்காம செத்தான்."

டாக்டர் எழுதினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. எழுதுனத வாசிங்க."

டாக்டர் வாசித்தார். அக்கா அழுதாள்.

"இன்னொரு தடவ," என்றார் நல்லக்கண்ணு.