சந்திரியின் குளம்பு முத்திரை

மைசூர் ராஜ சின்னமான கண்டபேருண்ட முத்திரையைக் குளம்பில் பதிப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பழுக்கக் காய்ச்சிய இரும்பை, ரோமம் முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டு எண்ணும் நேரம் மட்டும் அழுத்த வேண்டும். மூன்று எண்ணினால் அந்த இருதலைப் பறவையின் இரண்டு அலகும் தீய்ந்து ஒன்றாகிவிடும். குதிரைக்கு வலிக்காது, நகம் போலத்தான். ஆனால் நகம் போலவே குளம்பும் வளரும். மாதத்துக்கு ஒரு விரற்கடைக்கும் குறைவாக முத்திரை கீழே இறங்கும். முதலில் வால் தரையைத் தொட்டு அரத்தில் போகும், பிறகு இறக்கை, கடைசியாகத் தலைகள். வருஷத்துக்கு ஒருமுறை, யுகாதியை ஒட்டி, புதிதாகப் பதிக்க வேண்டும்.

மைசூர் குதிரைப்படை லாயத்தில் இருபத்திரண்டு வருஷமாக அந்த வேலையைச் செய்தவர் பியாரேஜான். லாடம் அடிப்பவரும் அவர்தான்.

மகாராஜாவின் ஆட்சி முடிந்து, படையைக் கலைக்க உத்தரவு வந்திருந்தது. திங்கட்கிழமை குதிரைகளைப் பார்வையிட அதிகாரிகள் வருவார்கள். சனிக்கிழமை காலை ஹொன்னப்பா தன் கிழட்டுப் பெண்குதிரை சந்திரியை இழுத்துக்கொண்டு வந்தார். பதினான்கு வருஷமாக அதற்குத் தீனி போட்டு வளர்ப்பவர்.

"பாய், இவ முத்திரைய பாருங்க. ரெண்டு தலை மட்டும்தான் மிச்சம்."

"யுகாதிக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கே கௌடரே. அதுக்குள்ள என்ன அவசரம்? பொண்ணு பார்க்க வர்றாங்களா?"

"கிண்டல விடுங்க. முத்திரை இல்லாதத ஏலம் போட்டுருவாங்களாம். ஜட்காகாரன் கையில போனா ஒரு மழைக்காலம் தாங்குவாளா? முத்திரை பளிச்சுனு இருந்தா அரண்மனைக் குதிரைன்னு எவனும் தொட மாட்டான். புல்லப் போட்டு ஒரு ஓரமா வச்சிருப்பாங்க."

பியாரேஜானுக்கும் அது நியாயமாகவே பட்டது. அந்தப் பறவையைக் கண்டால் சுங்கச்சாவடிக்காரனே எழுந்து நிற்பான். அதை யார் என்ன செய்துவிட முடியும்? உலையை ஊதினார். நான்கு குளம்பிலும் பதித்தார். அவர் கையில் அவ்வளவு சுத்தமாக அது விழுந்ததேயில்லை. இறகுகளைக்கூட எண்ணலாம்.

திங்கட்கிழமை குமாஸ்தா உத்தரவைப் படித்தார். இளங்குதிரைகள் போலீசுக்கு. முத்திரை தேய்ந்த கிழடுகள் ஏலத்துக்கு. முத்திரை முழுதாக இருக்கும் கிழடுகளை விற்கக் கூடாது. ராஜ சின்னத்தோடு ஒரு குதிரை ஜட்காவில் அடி வாங்கினால் அவமானம். அவற்றைச் சுட்டுவிட வேண்டும்.

லாயத்திலிருந்த கிழடுகள் ஏழு. ஆறு குதிரைகளின் குளம்பில் தலைகள் மட்டுமே மிஞ்சியிருந்தன. அவை ஏலத்துக்குப் போயின.

பியாரேஜான் மேற்பார்வையாளர் தேவராஜ அர்ஸின் முன்னால் போய் நின்றார். "ஹுசூர், தப்பு என்னோடது. முந்தாநாள்தான் பதிச்சேன். இப்பவே அரம் போட்டு எடுத்துடறேன்."

"மேல்விளிம்புல அரம் போட்டா என்னாகும்? நீயே சொல்லு."

பியாரேஜானுக்குத் தெரியும். அங்கே குளம்பு மெல்லிசு. நாலு காலையும் தேய்த்தால் குதிரை நொண்டும்.

"நொண்டிய யாரு ஏலத்துல எடுப்பான்? அதையும் சுடத்தான் சொல்வாங்க. போப்பா, லாடத்தக் கழட்டு."

சுடுவதற்கு முன் லாடத்தைக் கழற்றி ஒப்படைக்க வேண்டும் என்பது படை வழக்கம். பியாரேஜான் சந்திரியின் காலைத் தட்டியதும், அவள் எப்போதும் போலத் தானாகவே தூக்கி அவர் தொடையில் வைத்தாள். ஹொன்னப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசி ஆணியும் மண்ணில் விழுந்தது.

"கால் லேசா இருக்குமில்ல பாய் இப்போ?"

"இருக்கும் கௌடரே."

"நீங்க வராதீங்க. நானே கூட்டிட்டுப் போறேன்."

வெறுங்குளம்பு மண்ணில் சத்தமில்லாமல் நடந்து, லாயத்தின் பின்பக்கம் மறைந்தது. பியாரேஜான் குனிந்து ஆணிகளைப் பொறுக்கத் தொடங்கினார். தரையில் ஓர் ஆணி கிடந்தால் அடுத்து வரும் குதிரையின் காலில் ஏறிவிடும். லாடத்துக்கு ஏழு ஆணி, நாலு லாடத்துக்கு இருபத்தெட்டு. பத்தொன்பதாவதை எடுக்கும்போது துப்பாக்கிச் சத்தம் கேட்டது. பிறகு மிச்ச ஒன்பதையும் தேடினார்.