தொண்டை கட்டிய வழிகாட்டி

சுற்றுலா வழிகாட்டியான அவருக்கு 'வானொலி' என்று பட்டப்பெயர். வாயைத் திறந்தால் மூட ஆள் வைக்க வேண்டும். அப்படிப்பட்டவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள வேறு நாளே கிடைக்கவில்லை. பயண நிறுவனத்து மேலாளர் அம்மா அன்றைக்குத்தான் பயணிகளோடு வேனில் ஏறியிருந்தார். கோட்டை, அருவி என்று போகாமல், பல மொழிக்காரர்கள் வாழும் சந்துகளில் விசித்திரங்களைக் காட்டும் பயணம் இது. தேறுமா, தேறாதா என்று அவர் இன்றே முடிவு செய்வார். தேறாவிட்டால் வானொலியின் பிழைப்பில் மண்தான்.

"ஏதாவது பேசுங்க அத்தான்!" என்றான் வேனை ஓட்டிய மைத்துனன்.

காற்றுதான் வந்தது.

"சரியாப்போச்சு. பஞ்சர்."

முதலில் கடிகாரக் கடை. சுவரெல்லாம் கடிகாரங்கள், ஒன்று காட்டும் நேரத்தை இன்னொன்று காட்டாது. வானொலி தவித்து நிற்பதைப் பார்த்த கடைக்காரியே முன்னால் வந்தாள்.

"நான் காதல்ல தோத்து நேரத்தையே மறந்தவள்னு இவர் கதை விடுவார். என் புருஷன் மாடியில குறட்டை விட்டுட்டு இருக்கார்!" பயணிகள் சிரித்தார்கள். "இந்தத் தெருப் பிள்ளைங்க பிழைக்கப் போன தேசமெல்லாம் இந்தச் சுவர்ல இருக்கு. அங்கே விடிஞ்சுதான்னு பார்த்துட்டுத்தான் அம்மாங்க போன் பண்ணுவாங்க."

மேலாளர் அம்மாவின் முகம் இறுகியது. "அப்போ இவர் சொல்றதெல்லாம் பொய்யா?"

வானொலி கடைக்காரிக்குக் கண் ஜாடை காட்டினார்.

"பொய்தான்," என்றாள் கடைக்காரி. "ஆனா நாய்கூட எட்டிப் பார்க்காத தெருவுக்கு ஆள் கூட்டிட்டு வந்தவர் இவர் ஒருத்தர்தான். இவரை விட்டுட்டு வேற யாரையும் அனுப்பாதீங்க."

அடுத்தது, எதிரெதிர் மாடிகளிலிருந்து புறப்பட்டு நடுவில் ஒரு முழ இடைவெளி விட்டு நிற்கும் படிக்கட்டு. ராஜா கட்டியது என்பார் வானொலி. அன்று இந்தப் பக்க வீட்டுக்காரரே பேசினார்.

"எதிர் வீடு எங்க சம்பந்தி வீடு. அவங்க பாஷை வேற, எங்க பாஷை வேற. போக வர ரெண்டு பக்கமும் கட்டினோம். கொத்தனார் அளவைக் கோட்டை விட்டுட்டார். ஆனா பாருங்க, சாப்பாடு தாண்டும், சண்டை தாண்டாது!"

மேலாளர் அம்மாவே சிரித்துவிட்டார். "பயணம் நடக்கட்டும். இனிமே இவங்க பேசட்டும், நீங்க வழியைக் காட்டுங்க."

வானொலி வீட்டுக்காரரைப் பார்த்துக் கை கூப்பினார். குனிந்த தலை நிமிரவில்லை.

"அட, என்ன இது, நான் என்னமோ பெரிய மனுஷன் மாதிரி!" என்று வீட்டுக்காரர் ஒரு குவளை வெந்நீரை நீட்டினார். "தொண்டைக்குக் குடிங்க."

எதை வாங்கினாலும் பாதி விலைக்குக் கேட்கும் வானொலி, இதை மறுபேச்சில்லாமல் வாங்கிக் குடித்தார். கண்களில் நீர் கோத்தது.

"ரொம்பச் சூடோ?" என்றார் மேலாளர் அம்மா.

"ஆமாங்க, நல்ல சூடு," என்றான் மைத்துனன், எங்கோ பார்த்தபடி.