கதிரை கேட்கக் கூடாத கந்தோர்

"எனக்கு ஒரு கதிரை வேணும், சேர்."

திங்கட்கிழமை காலை எட்டு இருபத்தைந்துக்கு, விரலடையாள இயந்திரத்துக்கு முன்னால் இருபது பேர் வரிசையில் நிற்கும்போது றினோஸா இதைச் சொன்னாள். மெல்லத்தான் சொல்ல நினைத்திருந்தாள். குரல் அவளுடைய பேச்சைக் கேட்கவில்லை. வரிசை முழுவதும் ஒரே தலையாகத் திரும்பியது. இயந்திரத்தில் பெருவிரலை வைத்தவர் எடுக்க மறந்து நின்றார். அது தன்பாட்டில் மறுபடி வை, மறுபடி வை என்று ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தது.

நிர்வாக உத்தியோகத்தர் அப்துல் ஸமட் சேர், கையிலிருந்த பிளேன்டியைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் சொன்ன முதல் புத்திமதியே இதுதான். "தங்கச்சி, இஞ்ச என்ன வேணுமெண்டாலும் கேளுங்க. லீவு கேளுங்க, இடமாற்றம் கேளுங்க. கதிரை மட்டும் கேக்காதீங்க." அன்று பின்னேரம் வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்தபோது வாப்பா சிரிக்கவில்லை. ஒலுவில் துறைமுகத்தில் வள்ளங்களுக்கு ஐஸ்கட்டி ஏற்றுகிறவர் அவர். "சேர் செல்றது சரிதான் மகள். வேலை நிரந்தரமாகிற வரைக்கும் வாயத் திறக்காத. நான் முப்பது வருசமா நிண்டுதான் வேலை செய்றன். எனக்கென்ன, கால் கழண்டா போச்சு?"

நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதற்கான அறிக்கையை எழுத வேண்டியவர், இப்போது பிளேன்டிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்த அதே மனுசன்.

கதையை விளங்கிக்கொள்ள அந்தக் கந்தோரின் கணக்கைச் சொல்ல வேண்டும். உத்தியோகத்தர்கள் அறுபத்தொரு பேர், கதிரைகள் இருபத்தைந்து. தேர்தலுக்குத் தேர்தல் பட்டதாரிகளைக் கூட்டங்கூட்டமாக வேலைக்கு எடுத்தவர்கள், பட்டதாரிகளும் உட்காருவார்கள் என்பதை மறந்துவிட்டார்கள். கதிரை உள்ளவர்கள் அதைக் காணிபூமி மாதிரிக் காத்தார்கள். ஒரு கிளாக்கர் அம்மா தன்னுடைய கதிரையைச் சைக்கிள் சங்கிலியால் மேசைக்காலோடு கட்டிப் பூட்டுப் போட்டிருந்தார். மிச்சம் முப்பத்தாறு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். அதிலும் ஒழுங்கு உண்டு. முதலில் சேர்ந்தவருக்குக் கீழ்ப்படி, கடைசியில் சேர்ந்தவருக்கு மொட்டைமாடிக் கதவோரம். கதிரைக்காரி ஒருத்தி பிரசவ லீவில் போகிறாள் என்று தெரிந்தால், பிள்ளையின் வாப்பாவைவிடப் படிக்கட்டுத்தான் கூடுதலாகச் சந்தோசப்படும்.

றினோஸாவுக்கு மூன்றாம் படி. இரண்டாம் படியில் பாண்டிருப்புச் சுஜித்தா. இரண்டு பேரும் ஒலுவில் கம்பஸில் ஒரே வருசம் படித்தவர்கள்.

குடும்பத்தில் கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள் றினோஸா. பட்டமளிப்புப் படத்தை உம்மா கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருந்தார். அந்தப் படத்தில் கறுப்பு அங்கி போட்டுச் சிரிக்கிறவளை மூன்றாம் படியில் இருந்தவளுக்கு அறவே பிடிக்காது. ஒன்றரை வருசம் படியில் இருந்தால் யாருக்கும் முகம் புளித்த மோர் மாதிரித்தான் ஆகும். கந்தோரில் வாயை மூடிக்கொண்டு, வீட்டில் போய் உம்மாமேல் எரிந்து விழுவாள். சோற்றில் உப்புக் குறைந்தால் அதற்கும் அரசாங்கத்தை ஏசுவாள்.

அந்த நாட்களில்தான் ஒரு சுற்றுநிருபம் வந்தது. ஊழியர்களின் மனநலத்தைப் பேண வேண்டுமாம். அதற்காக ஒரு வெள்ளைப்பலகை மாட்டி, ஆளுக்கொரு நல்ல விசயம் தினமும் எழுத வேண்டுமாம். கதிரைக்குக் காசில்லாத இடத்தில் பலகைக்குக் காசு வந்தது. ஸமட் சேர் மார்க்கர் பேனையை றினோஸாவிடம் நீட்டினார். "நீங்க சமூகவியல் படிச்ச ஆள். நீங்களே தொடக்கி வைங்க மிஸ்."

அவள் எழுதினாள்: கால் நோகிறது.

சேர் சட்டைப்பையிலிருந்து தன் சொந்த லேஞ்சியை எடுத்து அதை அழித்தார். "நேர்மறையா எழுதுங்க மிஸ், நேர்மறையா."

மறுநாள் எழுதினாள்: நேற்று இரண்டு காலும் நொந்தன. இன்று இடது கால் மட்டும்.

இதை அழிப்பதா விடுவதா என்று சேருக்கு விளங்கவில்லை. லேஞ்சியோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். சுஜித்தாதான் இரண்டாம் படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏன்டி இளிக்காய்?"

"இல்லடி, மெய்யாத்தான் செல்றன். இது நல்ல முறை. பொய்யும் இல்ல, ஒப்பாரியும் இல்ல. நாளைக்கும் எழுது. பலகையில வேணாம், கொப்பியில எழுது. மத்தவன் அழிக்க ஏலாதே."

விளையாட்டாகத்தான் தொடங்கியது. கந்தோரில் கொடுத்த சீஆர் கொப்பியின் பின்பக்கத்தில், விரல் வைக்கிற வரிசையில் நிற்கும்போதே ஒரு நாளைக்கு மூன்று வரி. முதல் வரி நோகிற ஒன்று. அதை ஒளிக்கக் கூடாது. இரண்டாவது நல்லது ஒன்று. அது பெரிதாக இருக்க வேண்டியதில்லை, உண்மையாக இருக்க வேண்டும். சுஜித்தா இதில் பொலிஸ்காரி மாதிரி. "வாழ்க்கை அழகானது" என்று ஒருநாள் எழுதியதற்கு, "எந்த இடத்தில அழகு? காட்டு பாப்பம்" என்று பேனையைப் பறித்து வெட்டினாள். மூன்றாவது, இன்றைக்கு என்னால் செய்ய ஏலுமானது.

பிளேன்டியில் இஞ்சி தாராளமாக இருந்தது, நல்லது. ஆடு ஒன்று கந்தோருக்குள் வந்து மனநலச் சுற்றுநிருபத்தைத் தின்றது, மிக நல்லது. இன்றைக்கு ஏலுமானது: பஸ்ஸுக்கு நிற்காமல் சாய்ந்தமருதுக்குக் கடற்கரையால் நடப்பது. உம்மாவோடு கத்தினால் பத்து நிமிசத்துக்குள் போய் மன்னிப்புக் கேட்பது. இரவில் மற்றக் கூட்டாளிகளின் வெளிநாட்டுப் படங்களைப் பார்க்காமல் போனை அலுமாரிக்கு மேல் போடுவது.

ஒரு மாதம் போனது. உலகம் திருந்தவில்லை, படியும் மெத்தையாகவில்லை. ஆனால் ஒருநாள் உம்மா மீன் கழுவுகிற கையோடு வந்து அவளை மேலும் கீழும் பார்த்தார். "என்ன புள்ள, தனியச் சிரிக்காய்? கந்தோரில ஆரையும் பாத்து வச்சிரிக்கியா?"

"கொப்பி ஒண்டு வச்சிரிக்கன் உம்மா."

"அவன்ட ஊர் எது?" என்றார் உம்மா.

கோபம் மட்டும் போகவில்லை. போக வேண்டும் என்று அவள் விரும்பவும் இல்லை. முன்பெல்லாம் அது கண்டபாட்டுக்கு எல்லாரிலும் தெறிக்கும். இப்போது காலையில் முதல் வரியில் எழுதி வைத்தால், யாரில் காட்ட வேண்டுமோ அவரை அது தானே தேடிப் பிடித்தது.

அப்படிக் கோபத்துக்கு ஆளைத் தேடிக்கொடுத்தவர் சீனித்தம்பி. பெரியநீலாவணையில் மீன்பிடிக்கிறவர். வள்ளத்துக்கான விண்ணப்பப் படிவம் ஒன்றுக்காக நாலு தரம் இந்தக் கந்தோருக்கு வந்துவிட்டார். போன வியாழக்கிழமை றினோஸா அதைத் தானே வாங்கி, படியில் இருந்தபடி முழங்காலில் வைத்து நிரப்பிக் கொடுத்தாள். பேனை குத்தி மூன்று இடத்தில் ஓட்டை. உள்ளே கொண்டுபோனால், ஓட்டைப் படிவம் எடுக்க மாட்டோம் என்று சங்கிலிக் கதிரைக்காரி திருப்பி அனுப்பிவிட்டார். மனுசன் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெயிலுக்குள் போனார்.

அதனால்தான் இன்று காலை மூன்றாம் வரியைப் பேனை அழுந்த எழுதியிருந்தாள். ஏற்கெனவே ஏழு தரம் எழுதி ஏழு தரமும் வெட்டிய வரி அது.

"என்ன கேட்டீங்க?" என்றார் ஸமட் சேர், ஒரு சந்தர்ப்பம் கொடுக்கிறவர் மாதிரி.

"கதிரை சேர். மேசை கேக்கல்ல. கதிரை."

"உங்களுக்குத் தந்தா மிச்சம் முப்பத்தஞ்சு பேரும் கேப்பாங்க மிஸ்."

"கேக்கட்டும் சேர். அவங்களுக்கும் இரிக்கிற இடம் இரிக்கிதானே."

படிக்கட்டில் யாரோ பக்கென்று சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள். சேரின் காது சிவந்தது. "ஆகத் தேவையெண்டா பெரியநீலாவணையில சேவை நிலையம் ஒண்டு பூட்டிக் கிடக்கு. அங்க போங்க. கதிரை அங்கதான் இரிக்கி."

சபையே சிரித்தது. கடலோரத்தில் ஆறு வருசத்துக்கு முன் நாடா வெட்டித் திறந்து, இருந்த ஒரே உத்தியோகத்தரும் மாற்றலாகிப் போனதும் மூடிய கட்டிடம் அது. அங்கே போவதும் பனிஸ்மென்ட்டும் ஒன்று என்பது எல்லாருக்கும் தெரியும்.

அப்போது வரிசையின் கடைசியில் ஒரு குரல் வந்தது.

"ஓம் ஓம், அங்க கிடக்கு." சீனித்தம்பி ஐந்தாம் தரமாக வந்திருந்தார். "நீலக் கதிரை. முப்பத்தாறு கிடக்கு. எங்கட ஆக்கள்ட கலியாணத்துக்கெல்லாம் அதைத்தானே எடுக்கிற. பூட்டுத் திறப்பு என்னட்டக் கிடக்கு. நான் அதுக்குள்ள வலை வச்சிரிக்கன்."

முப்பத்தாறு. படிக்கட்டு தன்னைத்தானே எண்ணிப் பார்த்தது. கீழ்ப்படியிலிருந்து மொட்டைமாடிக் கதவு வரை, முப்பத்தாறு.

"அதை இஞ்ச கொண்டுவர ஏலாது!" சேர் கோப்பையை யாரிடமோ கொடுத்துவிட்டுக் கையை விரித்தார். "அது அந்த நிலையத்துப் பதிவில இரிக்கி. அந்த நிலையத்துப் பொறுப்பு உத்தியோகத்தர் கையெழுத்து வைக்காம ஒரு கதிரைக்கால் அசையாது. நாலு வருசமா நான் அவருக்குக் கடிதம் எழுதுறன். ஒண்டுக்கும் பதில் இல்ல."

"ஆருக்கு சேர் எழுதுறீங்க?" என்றாள் றினோஸா.

"பொறுப்பு உத்தியோகத்தருக்கு."

"அது ஆர் சேர்?"

சேர் தன் கோப்பையைத் தேடினார்.

"உங்கட கடிதமெல்லாம் பத்திரமாக் கிடக்கு ஐயா," சீனித்தம்பி ஆறுதலாகச் சொன்னார். "உங்கட பியூன் வந்து கதவுக்குக் கீழால தள்ளிட்டுப் போவார். நான் ஒண்டையும் உடைக்கல்ல. மழைக்கு நனையாம வலைக்கு மேல வச்சிரிக்கன்."

றினோஸாவுக்கு அடிவயிற்றிலிருந்து ஏதோ விக்கல் மாதிரி ஏறியது. அழுகையோ என்று பயந்தாள். சிரிப்பு. நாலு வருசமாக இல்லாத ஒரு மனுசனுக்கு, பூட்டிய கதவுக்குக் கீழால், முத்திரை குத்திய கடிதம்! சுஜித்தா ஏற்கெனவே இரண்டாம் படியில் சுருண்டு கிடந்தாள். சங்கிலிக் கதிரைக்காரியே முகத்தைக் கோப்பால் மூடிக்கொண்டு குலுங்கினார்.

றினோஸா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சேர், நான் அங்க போனா பொறுப்பு உத்தியோகத்தர் நான்தானே?"

"அதுக்கு..."

"உங்கட கடிதத்துக்குப் பதில் எழுதுறதும் நான். கதிரைய அனுப்புற கையெழுத்தும் நான்."

சிரிப்பு நின்றது. படிக்கட்டில் முப்பத்தைந்து பேர் ஒருசேர நிமிர்ந்தார்கள்.

சேர் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். அதில் மிரட்டலும் இருந்தது, கொஞ்சம் இரக்கமும் இருந்தது. "தங்கச்சி, அங்க காத்தாடி இல்ல. தண்ணி உப்பு. உங்கட நிரந்தர அறிக்கை நான் எழுதுறது. கண்ணுக்கு முன்னால இரிந்தாத்தான் நல்லது எழுத ஏலும்."

இது உண்மை. சிரித்து மழுப்ப முடியாத உண்மை. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. வாப்பா. இந்த ஊரில் சேதி வட்ஸ்அப்பைவிட வேகமாகப் போகும்.

"கதிரை கேட்டியாமே?"

"ஓம் வாப்பா."

மறுபக்கத்தில் ஐஸ் உடைக்கிற சத்தம் நின்றது. "தந்தாங்களா?"

"முப்பத்தாறு கிடைக்கும் போல. ஆனா பெரியநீலாவணைக்குப் போகோணும். நிரந்தரம் என்னாகுமெண்டு தெரியா."

மறுபடி ஐஸ் சத்தம். பிறகு, "ஒண்ட எனக்கு வை. வந்தா இரிக்க," என்றார் வாப்பா. போன் வைக்கப்பட்டது.

அவள் கொப்பியைத் திறந்து காலையில் எழுதிய மூன்றாம் வரியைச் சுஜித்தாவிடம் காட்டினாள். கதிரை கேட்பது. தராவிட்டால் கதிரை இருக்கிற இடத்துக்கு நானே போவது. எழுதும்போது அப்படி ஒரு இடம் இருக்கிறதென்றே அவளுக்குத் தெரியாது.

"இடமாற்றக் கடிதம் தாங்க சேர். அறிக்கையை உண்மையா எழுதுங்க, அது போதும். நான் வேலை செய்யாட்டி அதையும் எழுதுங்க."

சுஜித்தா அதற்குள் தாளை முழங்காலில் வைத்து எழுதத் தொடங்கிவிட்டாள். பேனை மூன்று இடத்தில் குத்தியது. சேர் ஓட்டைகளைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார், முப்பத்தைந்து சோடிக் கண்களைப் பார்த்தார். இரண்டு ஓட்டைக்கு நடுவில் கையெழுத்தை வைத்தார்.

"முதல் லோட்டில இரண்டாம் படிக்கு அனுப்புடி," என்றாள் சுஜித்தா. "இல்லாட்டி உன்ட கொப்பியைப் பலகையில ஒட்டிருவன்."

"உங்கட படிவத்தையும் எடுத்துட்டு வாங்க," என்று றினோஸா சீனித்தம்பியைக் கூப்பிட்டாள். "அங்க போய்ப் புதுசா ஒண்டு எழுதுவம், இரிந்து."

"முதல்ல வலையை எடுக்கோணும் மகள். நாலு நாளைக்கு நாத்தம் போகாது."

"நல்லது. நாளைக்கு முதல் வரி கிடைச்சிட்டு."

அவர்கள் முற்றத்து வெயிலில் இறங்கினார்கள். பின்னால் இயந்திரம் இன்னும் மறுபடி வை, மறுபடி வை என்று கத்திக்கொண்டிருந்தது. பியூன் கலந்தர் காக்கா வாசலுக்கு ஓடிவந்தார். "மிஸ்! மிஸ்! இண்டைக்கு விரல் வைக்கல்லியே!"

றினோஸா திரும்பவில்லை. கேற்றைத் தாண்டி, பெரியநீலாவணைப் பக்கம் போகிற பஸ்ஸுக்குக் கையை நீட்டியபடியே, மற்றக் கையின் பெருவிரலைத் தலைக்குமேல் உயர்த்திக் காட்டினாள்.