அக்கா கடை வாசலில் வண்டி எண்ணிய நாள்

பத்தொன்பது வருடமாகச் சாலை வரைபடம் போடுகிறேன். நடுவே மீடியன் என்கிற தடுப்புச் சுவர் வைத்தால் கடைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வைக்காவிட்டால் போலீஸ் வரும். அலுத்துவிட்டது.

இந்த முறை வந்தது என் சொந்த அக்கா. புறநகர்ச் சாலையில் அவளுக்குச் சலவைக் கடை. என் மேசையில் இரண்டு வரைபடங்கள். ஒன்றில் சாலை நடுவே திரும்புவதற்கென்று ஒரு தடம். எதிர்ப்பக்கத்திலிருந்தும் நேராகக் கடைக்குத் திரும்பலாம். மற்றதில் முழங்கால் உயர மீடியன். ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் யூ டர்ன் அடித்து வரவேண்டும். அழுக்குத் துணிக்காக எவன் அவ்வளவு தூரம் சுற்றுவான்? கடைக்குத் திரும்பும் வண்டிகளை எண்ணித்தான் இரண்டில் ஒன்றை முடிவு செய்வோம்.

"செவ்வாய்க்கிழமை எண்ணியிருக்கீங்க. அன்னிக்கு எனக்கு லீவுடா! மூணு வண்டின்னு எழுதினா என் கடைய யாரு மதிப்பா?" என்று மனுப் போட்டு, மறுபடி எண்ண வைத்துவிட்டாள்.

ஒரே இடத்தில் ஒரு நாளில் நூறு வண்டிக்கு மேல் திரும்பினால் விபத்து நடக்கும், அதனால் மீடியன் கட்டாயம் என்பது விதி. அவள் கடைக்கு அறுபது வந்தாலே அதிகம். ஆகவே இதை விளக்கிச் சொல்ல நான் மெனக்கெடவில்லை. எண்ணும் தேதியை வெளியே சொல்லக் கூடாது. அவள் நச்சரிப்புத் தாங்காமல் அதையும் சொல்லித் தொலைத்தேன்.

காலை ஏழு மணிக்குச் சாலையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம், நானும் இன்னொரு கணக்கெடுப்பாளரும். ஒன்பது மணிக்குள் நாற்பது. பதினொரு மணிக்கு அத்தான் அதே நீல வண்டியில் நாலாவது தடவையாகத் திரும்பினார், என்னைப் பார்த்துக் கையும் ஆட்டினார். ஒரு கைக்குட்டையை வெளுக்கப் போடக்கூட ஆள் வந்தது. பக்கத்து ஆளும் எண்ணுவதால் குறைத்து எழுத முடியாது. தேதியைச் சொன்னது நான்தான் என்று ஒப்புக்கொண்டால் வேலை போய்விடும். வாயை மூடிக்கொண்டு எண்ணினேன். வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் அக்கா சாலையைக் கடந்து டீ கொண்டுவந்தாள்.

"எத்தனைடா?"

"நூத்தி நாப்பத்தொண்ணு."

"ஊருக்கெல்லாம் போன் போட்டுத் தொண்டையே போச்சு. இனிமே அடைக்க மாட்டாங்கல்ல?"

"வீட்டுக்கு வந்து சொல்றேன்க்கா."

"டீ ஆறுது, குடி," என்று சொல்லிவிட்டு, மீடியன் வரப்போகிற இடத்தைத் தாண்டி அவள் கடைக்குத் திரும்பிப் போனாள்.