சுண்ணாம்புக் கோட்டு வீடு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் அஸ்வினியின் வீடு காகிதத்திலிருந்து தரைக்கு இறங்கிவிட்டது. கண்டமங்கலத்து மனையில் மேஸ்திரி பெரியதம்பி முளையடித்து, நூல் கட்டி, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டிருந்தார். ஹால், இரண்டு படுக்கையறை, தடுப்புச் சுவர் இல்லாத சமையலறை, தெருப் பக்கம் ஆளுயர ஜன்னல், எல்லாம் ஏழரைச் சதுரத்துக்குள், அதாவது எழுநூற்றைம்பது சதுர அடிக்குள். வளைவு, தூண், சிங்க முகம் எதுவும் கிடையாது. நறுக்கென்ற மாடர்ன் வீடு. இரண்டு வருடமாகக் கைப்பையில் டேப்பைப் போட்டுக்கொண்டு, விருந்துக்குப் போன வீட்டிலெல்லாம் கட்டிலையும் கதவையும் அளந்து, இஞ்சினியரோடு மல்லுக்கட்டி அவள் வாங்கிய பிளான். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவள் கணவன் சேரன் கோடுகளைச் சுற்றி வந்தான். முகம் சுண்டிப்போனது.

“இன்னா மேஸ்திரி, இது ஹாலா, கோழிக் கூண்டா?”

“பிளான்ல இன்னா கீதோ அதான் போட்டுக்கீறேன்.”

“நாலு பேர் வந்தா எங்க உக்கார்றது? நாலு பக்கமும் மூணு மூணு அடி தள்ளிப் போடுங்க.”

பெரியதம்பி மறுப்பேதும் சொல்லவில்லை. ஏன் சொல்லப்போகிறார்? சதுரம் கூடினால் கூலியும் கூடும். முளையைப் பிடுங்கக் குனிந்தே விட்டார்.

அஸ்வினி மனக்கணக்குப் போட்டாள். மூன்றடி என்பது வாய்க்குத்தான் மூன்றடி. நாலு பக்கமும் தள்ளினால் வீடு பதினொரு சதுரத்தைத் தாண்டிவிடும். கையிருப்பு ஜன்னலுக்கு மேலே போடும் லிண்டல் வரைக்கும்கூட வராது. காணை கிராமத்தில் சேரனின் அண்ணன் அறிவுச்செல்வன் வீடும் இப்படித்தான் கோடு போட்ட அன்றைக்குப் பெரிதானது. நாலு வருடமாகக் கூரை இல்லை. தூண் கம்பிகள் துருவேறி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. நாளைக் காலை இங்கே ஜேசிபி வந்து கடைக்கால் தோண்டிவிட்டால் அப்புறம் பேசிப் பிரயோசனமில்லை.

சொல்லிப் பார்த்தாள். “அதெல்லாம் பாத்துக்கலாம் வுடு” என்றான் சேரன். அண்ணனும் அன்றைக்கு இதையேதான் சொன்னார்.

“மேஸ்திரி அண்ணா, முளைய தொடாதீங்க. ஒரு மணி நேரம் குடுங்க, வந்துர்றேன்.” ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு பறந்தாள்.

அவர்கள் குடியிருக்கும் வாடகை வீடு இரண்டு தெரு தள்ளித்தான். சொன்ன நேரத்துக்கு ஒரு குட்டியானை வண்டி மனை முன்னால் வந்து நின்றது. அதில் கட்டில், மெத்தை, சோபா, பிரிட்ஜ், நாலு நாற்காலி. பின்னாலேயே ஸ்கூட்டியில் அஸ்வினி, தலையெல்லாம் ஒட்டடையோடு.

“உனுக்கு இன்னா பைத்தியமா?” என்றான் சேரன்.

“அப்டிதான் வச்சிக்கோங்க. ஒரு பக்கம் புடிங்க, ஜல்தி!”

கட்டில் படுக்கையறைக் கோட்டுக்குள் போனது. சோபா ஜன்னல் பக்கம், பிரிட்ஜ் சமையலறை மூலையில். பீரோவை மட்டும் அசைக்க முடியவில்லையாம். அது நிற்கவேண்டிய இடத்தில் ஸ்கூட்டியை நிறுத்தினாள். வேர்த்து விறுவிறுக்க, டேப்பும் கையுமாக அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து வண்டிக்காரருக்கே உற்சாகம் தொற்றிக்கொண்டது.

ஆடு ஓட்டிக்கொண்டு போன பக்கத்து மனை கெங்கம்மாள் பதறிப்போய் நின்றாள். “அய்யய்யோ, வாடக வூட்டுக்காரன் தொரத்திட்டானா கண்ணு?”

“இல்லக்கா, குடி வந்துட்டோம்! உள்ள வாங்க. ஐயோ, அங்க செவுரு. வாசல் இப்டி.”

கெங்கம்மாள் சட்டென்று காலைப் பின்னுக்கு இழுத்தாள். கோட்டில் விட்டிருந்த இடைவெளிக்கு வந்து, நிலைப்படி இடித்துவிடும் என்பதுபோலத் தலையைக் குனிந்து உள்ளே நுழைந்து சோபாவில் உட்கார்ந்தாள். “காத்து நல்லா வருதே” என்றாள். சுவரே இல்லாத வீட்டில் காற்றுக்கென்ன பஞ்சம்?

அஸ்வினி பிளாஸ்கோடு சமையலறையில் நின்று டீ ஊற்றினாள். நின்ற இடத்திலிருந்தே ஹாலுக்குக் கை நீட்டிக் கொடுத்தாள். மேஸ்திரி, வண்டிக்காரர், கெங்கம்மாள், சேரன்.

“நாலு பேர் வந்தா எங்க உக்கார்றதுன்னு கேட்டீங்களே. எண்ணிப் பாருங்க.”

எண்ண வேண்டியதில்லை. நாலு பேரும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நாற்காலி இன்னும் காலியாகக் கிடந்தது. சேரன் எழுந்து போய்க் கட்டிலில் மல்லாந்து படுத்தான். இரண்டு பக்கமும் கையை விரித்து அளந்தான். புரண்டு பார்த்தான்.

“இன்னாப்பா சொல்ற?” மேஸ்திரி டம்ளரைக் கீழே வைத்தார். “முளைய புடுங்கவா, வேணாவா?”

சேரன் எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். அந்த நேரம் பார்த்துத் தெருவில் நின்ற பைக்கின் பையில் சேரனின் போன் அடித்தது. கட்டிலிலிருந்து இறங்கிக் கோட்டைத் தாண்டினால் ஒரே எட்டில் தெரு. சேரன் தாண்டவில்லை. படுக்கையறை வாசல் வழியாக ஹாலுக்கு வந்து, சோபாவைச் சுற்றிக்கொண்டு, முன்வாசல் வழியாக வெளியே போனான்.

பெரியதம்பி அதைப் பார்த்தார். நூல்கண்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அஸ்வினிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

சேரன் பேசி முடித்துத் திரும்பினான். வெறும் மண்தான், உள்ளேயும் வெளியேயும் ஒரே மண். ஆனாலும் வாசல் கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே வந்தான்.