நிழலில் போடாத நாற்காலி

“இதெல்லாம் எதிரியோட பீரங்கி துளைச்ச ஓட்டைங்க மேடம்” என்றார் கைடு.

சோதனைக்கு வந்திருந்த அரசு இன்ஜினீயர் ஓட்டைக்குள் விரலை விட்டாள். ஒரே உயரம், ஒரே இடைவெளி, பதினாறு சதுர ஓட்டைகள்.

“எதிரி ஸ்கேல் வச்சு சுட்டானா?”

பின்னால் ஒரு சிரிப்பு. அவளுடைய அக்கா புருஷன். பாழடைந்த கோட்டையைப் பழுது பார்க்கும் கான்ட்ராக்டர். சிரிப்பில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதவர்.

“சாரம் கட்டின ஓட்டைதாம்மா. ஜனங்களுக்கு சண்டை இருந்தாத்தானே ருசிக்குது! நாளைக்குத் திறப்பு. நானூறு ஸ்கூல் பிள்ளைங்க வருது. புதுச் சுவருக்கு நீ ஒரு கையெழுத்துப் போடு, போதும். எங்க முப்பாட்டன் கட்டின கோட்டை இது. பரம்பரைக் கைராசி!”

“அப்ப எப்படி இடிஞ்சுது?” கைடிடம் கேட்டாள்.

அவர் கான்ட்ராக்டரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

“ஆவணத்துல சண்டையே இல்லீங்க. கட்டின மூணாவது மழைக்குத் தானா உக்காந்துடுச்சு. உள்ள பதினோரு பேர். சுண்ணாம்புக்குப் பதிலா சேறாம். கட்டினவர் அன்னைக்கே குதிரை ஏறி ஓடிட்டாராம். பீரங்கிக் கதை... சார் சொல்லச் சொன்னதுங்க.”

“வாய மூடுய்யா!”

அவள் சாவியால் புதுச் சுவரைக் கீறினாள். பொலபொலவென்று உதிர்ந்தது.

“ஈரம்மா. காய்ஞ்சா இரும்பு!”

அவள் முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். உச்சி வெயில். இருந்த ஒரே நிழல் அந்தச் சுவரடியில். ஆனால் கான்ட்ராக்டரின் பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர் கேன், வேலையாட்களின் சாப்பாட்டுத் தூக்குகள் எல்லாம் இருபதடி தள்ளி, கொளுத்தும் வெயிலில்.

நாற்காலியைத் தரதரவென்று இழுத்து வந்து சுவரடியில் போட்டாள்.

“உக்காருங்க மாமா. அஞ்சு நிமிஷம். நான் எழுதி முடிக்கிற வரைக்கும்.”

அவர் அண்ணாந்து சுவரைப் பார்த்தார். கால் நகரவில்லை.

“எனக்கு... நிழல் ஒத்துக்காதும்மா.”

“நானூறு பிள்ளைங்களுக்கு ஒத்துக்குமாக்கும்!”

“கையெழுத்து இல்லேன்னா உங்க அக்கா மூஞ்சியில நீ முழிக்க முடியாது, பார்த்துக்கோ!”

“அக்காவையும் வரச் சொல்லுங்க. பக்கத்துல இன்னொரு சேர் போடறேன்.”

அவர் முகம் சுருங்கியது. கைடு வேறு பக்கம் திரும்பி இருமினார்.

அவள் படிவத்தில் ஒரே ஒரு சொல் எழுதினாள்: இடிக்கவும். கீழே பெயர், தேதி, முத்திரை.

“கையெழுத்துதானே கேட்டீங்க மாமா? இந்தாங்க.”